நம் ஊர் சினிமா கொட்டகை பிழைக்குமா?

உங்கள் ஊரில் சினிமா கொட்டகை இருக்கிறதா?

"முன்பு இருந்தது. இப்போது கல்யாண மண்டபம் ஆகிவிட்டது" என்று சிலர் சொல்வீர்கள்.

"இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் பெரிய கடை வந்துவிட்டது" என்று சிலர் சொல்வீர்கள்.

"இருக்கிறது. ஆனால் கூட்டம்தான் இல்லை" என்று இன்னும் சிலர் சொல்வீர்கள்.

மூன்று பதிலிலும் ஒரே வருத்தம்தான் இருக்கிறது. ஒரு முதலாளி, ஒரு கட்டிடம், ஒரு திரை. இப்படித் தனியாக நடக்கும் கொட்டகைகள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகின்றன.

நான் ஒரு சினிமாப் பிரியன். பெரிய கட்டிடத்தில் பத்துத் திரைகள் உள்ள இடத்திலும் படம் பார்த்திருக்கிறேன். அங்கே வசதிக்குக் குறைவு இல்லை. ஆனாலும் என் மனம் ஒத்தைக் கொட்டகையைத்தான் தேடுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ரெயில்வே ஊழியர் வாங்கிய பெட்டி

தமிழ்நாட்டில் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டு போனவர் யார் தெரியுமா?

அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரெயில்வேயில் வேலை பார்த்தவர்.

1905-ம் ஆண்டு. டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியுடன் திருச்சிக்கு வந்தார். அவருக்கு உடல் நலம் கெட்டது. ஊருக்குத் திரும்ப நினைத்தார். அவரிடம் இருந்த கருவியையும் படங்களையும் சாமிக்கண்ணு விலைக்கு வாங்கினார். ரெயில்வே வேலையை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்!

போன இடமெல்லாம் கூடாரம் அடித்தார். ஏசுநாதரின் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். படத்தில் மனிதர்கள் நடப்பதைப் பார்த்து ஜனங்கள் அதிசயப்பட்டார்கள். கடல் கடந்து பர்மா வரை அவருடைய கூடாரம் போயிற்று.

பிறகு 1914-ம் ஆண்டு கோவையில் நிரந்தரமாக ஒரு கொட்டகை கட்டினார். அதுதான் "வெரைட்டி ஹால்". கோவையில் இன்றும் "வெரைட்டி ஹால் ரோடு" என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயர் இந்தக் கொட்டகையால் வந்ததுதான்.

தபால் ஆபீசான கொட்டகை

சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-ம் ஆண்டு "எலெக்ட்ரிக் தியேட்டர்" வந்தது. அதை நடத்தியவர் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர். அடுத்து ரகுபதி வெங்கையா என்ற புகைப்படக்காரர் "கெயிட்டி" தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் கொட்டகை அது.

இந்த இரண்டும் இப்போது என்ன ஆயின?

எலெக்ட்ரிக் தியேட்டர் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. இடம் தபால் இலாகாவுக்குப் போயிற்று. பழைய கட்டிடம் அண்ணா சாலை தபால் ஆபீஸ் வளாகத்தில் தப்பிப் பிழைத்து நிற்கிறது. கெயிட்டிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அதை இடித்துவிட்டார்கள்.

1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வெளியாயிற்று. டி.பி.ராஜலட்சுமி நடித்த படம். அது ஓடிய இடம் சென்னை "கினிமா சென்ட்ரல்". பிற்காலத்தில் "முருகன் டாக்கீஸ்" என்று பெயர் மாறியது.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் 3 தீபாவளியைக் கண்டது! ஒரே கொட்டகை, ஒரே படம். நாள் தவறாமல் கூட்டம்.

தரை டிக்கெட் ராஜ்யம்

கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டூரிங் டாக்கீஸ் என்றதும் முகம் மலர்ந்துவிடும்.

கீற்றுக் கூரை. மணல் தரை. நடுவில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்காரர்தான் உண்மையில் ராஜா! மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார். முன்னால் இருப்பவர் மறைத்தால் இன்னும் கொஞ்சம் மணலைக் குவிப்பார்.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்கும். ஊர் முழுவதற்கும் அதுதான் கடிகாரம். "பாட்டு போட்டுவிட்டான்" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் அவசரமாகச் சோறு வடிப்பார்கள்.

பகலில் மாட்டு வண்டி வரும். இரு பக்கமும் படத்தின் தட்டி. தப்பு அடிப்பவர் ஒருவர். நோட்டீஸ் வீசுபவர் ஒருவர். வண்டிக்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடுவார்கள்.

ஊரில் கோவிலுக்கு ஒரு வழக்கம், சாவடிக்கு ஒரு வழக்கம், டீக்கடைக்கு ஒரு வழக்கம் என்று இருந்த காலம். அந்தக் காலத்தில் காசு கொடுத்த எவரும் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது சினிமா கொட்டகையில்தான். இது சின்ன காரியமா?

நெருப்பில் ஓடிய படம்

அந்த நாளில் ஆபரேட்டர் வேலை லேசான வேலை அல்ல.

மெஷினுக்குள் இரண்டு கரிக் குச்சிகள் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் இரண்டுக்கும் நடுவே கண் கூசும் வெளிச்சம் எரியும். அந்த வெளிச்சம்தான் படத்தைத் திரைக்குக் கொண்டு போகிறது. குச்சி எரிய எரியக் குறையும். ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்று அதைத் தள்ளிக்கொடுக்க வேண்டும்.

ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி பிலிம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி! அதாவது 4 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். இதைச் சுருள் சுருளாகப் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். "பெட்டி வந்தாச்சா?" என்று ரசிகர்கள் கேட்டது இதைத்தான்.

சில சமயம் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஒரே பெட்டிதான் வரும். ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் அடுத்த கொட்டகைக்கு மிதிப்பார். அவர் வரத் தாமதமானால் திரை இருட்டாகும். விசில் பறக்கும்!

இன்று பிலிம் இல்லை, கரி இல்லை, சைக்கிள்காரரும் இல்லை. எல்லாம் டிஜிட்டல். படம் தெளிவாகத் தெரிகிறது. சந்தோஷம்தான். ஆனால் புது மெஷினின் விலை சின்ன முதலாளிக்கு மலை. கம்பெனிகள் மெஷினைத் தந்து கட்டணம் வாங்கத் தொடங்கின. அந்தக் கட்டணத்தை யார் கொடுப்பது? இந்தத் தகராறில் 2018-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுத் தமிழ்ப் படமே வெளிவரவில்லை.

மறைந்த மாளிகைகள்

மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-ம் ஆண்டு தீபாவளிக்கு "பராசக்தி" படத்துடன் திறந்தார்கள். 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் மார் தட்டிக்கொண்டார்கள். இன்று அந்தக் கட்டிடம் இல்லை. அங்கே நிற்பது ஜவுளிக் கடை.

சென்னை அண்ணா சாலையில் சாந்தி தியேட்டர் 1961-ல் வந்தது. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் குடும்பத்துக்குச் சொந்தமானது. 2016-ல் அதை மூடினார்கள்.

அசோக் நகர் உதயம் தியேட்டர் 1983-ல் வந்தது. 2024-ல் அதுவும் மூடப்பட்டது.

ஒவ்வொரு தடவையும் கடைசி நாளில் ரசிகர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கண் கலங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் மாதம் ஒரு தடவை டிக்கெட் வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்குமோ!

ஒரு சின்ன கணக்கு

முதலாளிமேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. அவர் நிலைமையையும் பார்ப்போம்.

800 இருக்கை உள்ள ஒரு கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வரி போக 100 ரூபாய். ஒரு காட்சிக்கு வந்தவர்கள் 80 பேர். வசூல் 8,000 ரூபாய். அதில் பாதியை வினியோகஸ்தர் எடுத்துக்கொண்டால் மீதி 4,000 ரூபாய். பெரிய நடிகர் படமாக இருந்தால் முதல் வாரத்தில் வினியோகஸ்தர் பங்கு இன்னும் அதிகம்.

மீதி உள்ள பணத்தில்தான் மின்சாரக் கட்டணம், சம்பளம், துப்புரவு, பழுது, சொத்து வரி எல்லாம். 80 பேர் வந்தாலும் 800 பேர் வந்தாலும் ஏ.சி. மெஷின் ஒரே மாதிரிதான் ஓட வேண்டும்!

இன்னொரு விஷயம். கொட்டகை கட்டியபோது அது ஊர்க் கோடி. ஊர் வளர்ந்தது. இன்று அதே இடம் பஸ் நிலையத்துக்குப் பக்கம். நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. அண்ணன் தம்பிகள் பாகம் கேட்கிறார்கள். "படம் ஓட்டுவதைவிட இடத்தை விற்றால் லாபம்" என்று யாராவது சொன்னால் முதலாளி எத்தனை நாள் காதைப் பொத்திக்கொள்வார்?

அதோடு கொரோனாவும் வந்தது. 2020 மார்ச் மாதம் மூடிய கதவு நவம்பர் 10-ந் தேதிதான் திறந்தது. அப்போதும் பாதி இருக்கைக்கே அனுமதி. அந்த எட்டு மாதத்தில் மக்கள் வீட்டிலேயே படம் பார்க்கப் பழகிவிட்டார்கள். இப்போது புதுப் படமே நாலு வாரத்தில் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. "கொஞ்சம் பொறுத்தால் வீட்டிலேயே பார்க்கலாமே" என்று குடும்பத் தலைவர் நினைப்பதில் என்ன தப்பு?

போனால் போகட்டுமா?

"காலம் மாறுகிறது. போனால் போகட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு கொட்டகை மூடினால் ஆபரேட்டருக்கு மட்டும் வேலை போவதில்லை. டிக்கெட் கிழிப்பவர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், கேண்டீன்காரர், போஸ்டர் ஒட்டுபவர், வாசலில் கடலை விற்கும் அம்மாள், இரவுக் காட்சியை நம்பிப் பரோட்டா போடும் கடைக்காரர்... எல்லோர் பிழைப்பும் போகிறது.

அடுத்தது, ஏழைக் குடும்பத்தின் பொழுதுபோக்கு. பெரிய வளாகத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் படம் பார்த்துச் சோளப்பொரி தின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்து நகரத்துக்குப் பஸ் கட்டணம் வேறு. ஊர்க் கொட்டகை என்றால் நடந்தே போகலாம். பாட்டியையும் கூட்டிப் போகலாம்.

மூன்றாவது, சின்னப் படங்களின் கதி. பெரிய கம்பெனி ஓர் ஆபீசில் இருந்துகொண்டு பல ஊர்களுக்கும் படத்தை முடிவு செய்கிறது. தனி முதலாளி அப்படி அல்ல. தன் ஊர்க்காரர்களுக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். பெயர் தெரியாத நடிகர் படமானாலும் "நாலு நாள் போட்டுப் பார்ப்போமே" என்று துணிவார். இதனால் பிழைத்த படங்கள் உண்டு.

நம்பிக்கை இருக்கிறது

எல்லாம் இருட்டு என்று நினைக்க வேண்டாம்.

1964-ல் வந்த "கர்ணன்" படத்தைப் புதுப்பித்து 2012-ல் வெளியிட்டார்கள். 100 நாளைத் தாண்டி ஓடியது! 2004-ல் வந்த "கில்லி" 2024-ல் மறுபடி வந்தது. கொட்டகைகள் திருவிழாக் கோலம் பூண்டன. சென்னை வடபழனி கமலா தியேட்டரில் பழைய படங்களைக் குறைந்த கட்டணத்தில் போட்டார்கள். பிறப்பதற்கு முன்னால் வந்த படத்தைப் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் ஓடி வந்தார்கள்.

மும்பை மராத்தா மந்திர் தியேட்டரில் 1995-ல் வந்த ஓர் இந்திப் படம் 25 ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. குறைந்த டிக்கெட், பகல் காட்சி. தினமும் புதுக் கூட்டம்!

கேரளத்தில் அரசாங்கமே தியேட்டர் நடத்துகிறது. திருவனந்தபுரம் "கைரளி", "ஸ்ரீ" தியேட்டர்கள் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தம். நம் மாநிலத்திலும் இதை யோசிக்கலாம்.

வரியிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. 100 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. முன்பு 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். சின்ன ஊர்க் கொட்டகைக்கு இது உதவி. 100 ரூபாய்க்கு மேல் போனால் 18 சதவீதம்தான்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கிழிந்த நாற்காலியைத் தையுங்கள். கக்கூசைச் சுத்தமாக வையுங்கள். பெண்கள் பயம் இல்லாமல் வந்து போக வாசலில் வெளிச்சம் போடுங்கள். இதைச் செய்யாமல் "கூட்டம் இல்லை" என்று புலம்புவது நியாயம் ஆகாது.

நாம் செய்ய வேண்டியது என்ன? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு உள்ளூர்க் கொட்டகைக்குப் போங்கள். திருட்டுப் படம் பார்க்காதீர்கள். இடைவேளையில் வாசல் கடையில் கடலை வாங்குங்கள். படம் நன்றாக இருந்தால் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாட்டியைக் கிளம்பச் சொல்லுங்கள்!