உஷார்! மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் ஓதம் கூடும்

கொல்கத்தாவில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களே, ஆடி ஆவணியில் மதிய நேரத்தில் ஜன்னலை விரியத் திறந்து வைக்காதீர்கள். காற்று பட்டால் ஈரம் காயும் என்பது மதுரைக்குச் சரி. ஹூக்ளிக் கரையில் மழைக்காலத்தில் அந்தக் காற்றுதான் ஈரத்தை உள்ளே கொண்டுவருகிறது.

இங்கே பழைய வீடுகள் பலவற்றில், தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்ததால், படியேறிப் போன வாசலில் இன்று படியிறங்கிப் போகிறோம். கட்டியபோது அது கீழ்த்தளம். இப்போது பாதி நிலவறை. வெளியே 32 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் ஈரம் 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் தண்ணீராகிவிடும். மண்ணை ஒட்டிய தரையும் இரவெல்லாம் ஏசி ஓடிய அறையின் சுவரும் அப்படித்தான் குளிர்ந்திருக்கும். மொசைக் தரை வியர்க்கும். பீரோவின் முதுகில் பூஞ்சணம் படரும். புரட்டாசியில் கொலுப் பெட்டியைத் திறந்தால் பொம்மை சுற்றிய துணியெல்லாம் கரும்புள்ளி. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்தப் பூஞ்சணமே போதும், இழுப்பு வரலாம்.

ஈரம் பிறக்கும் இடத்திலேயே அதை வெளியே தள்ளுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். உலை இறக்கிய பிறகும், குளித்த பிறகும் இருபது நிமிடமாவது ஓடட்டும். ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அடைமழை நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியை டிரை மோடில் ஓட்டுங்கள். காளி பூஜை கழிந்து வடக்குக் காற்று வறண்டு வீசத் தொடங்கியதும், முன்னும் பின்னும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மாசி வரை அதுதான் மருந்து.

ஆனால் முதலில் ஒரு சோதனை. ஓரடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால் நனைந்தால் மண்ணின் நீர் செங்கல் வழியே ஏறுகிறது. வங்காளிக் கொத்தனார் 'நோனா' என்று சொல்லும் உப்பு அதனோடு வரும். எந்த ஃபேனும் அதை நிறுத்தாது. மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். சுவரின் அடியிலேயே நீர்த்தடுப்பு செய்ய வேண்டும்.

2025 செப்டம்பர் 23 மழையை மறக்க முடியுமா? ஒரு நாளுக்குள் 251.4 மி.மீ. மின்சாரம் தாக்கிப் பலர் செத்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்து வடிந்தால், எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் நனைந்த சுவரின் சுவிட்சைத் தொடாதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டாதீர்கள், ஜெனரேட்டரை உள்ளே ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் சற்றுப் படுக்கலாம் என்று நினைக்காதீர்கள். எல்லோரையும் எழுப்பிக்கொண்டு உடனே தெருவுக்கு வந்துவிடுங்கள்.