மேற்கு ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்

மே மாதத்தில் மாலை நான்கு மணிக்கு எங்கள் அக்கா வீட்டு ஹாலில் உட்கார முடியாது. மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். உச்சி வெயிலைத் தடுக்கிற சன்ஷேட், சாய்ந்து வரும் வெயிலுக்கு உதவாது. திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரையில் விழுகிறது. சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் அக்கா சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்டினார். இருப்பதிலேயே அடர்ந்த கறுப்பு. மூன்றாம் வாரம் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நேர்கோடாகக் கிளம்பிய விரிசல், கொஞ்ச தூரம் போய் வளைந்து நடுவரை ஓடியிருந்தது. ஒட்டியவரோ, “பிள்ளைங்க பந்து அடிச்சிருப்பாங்க” என்று சொல்லிவிட்டார்.

பந்து பட்டிருந்தால் பட்ட இடத்திலிருந்து விரிசல் சிதறியிருக்கும். ஓரத்துக்குச் செங்குத்தாகத் தொடங்கும் விரிசல் பெரும்பாலும் வெப்பத்தால் வருவது. அடர் ஃபிலிம் வெயிலை உறிஞ்சுவதால் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரிகிறது. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் அவ்வளவு சூடாவதில்லை. அந்த இழுபறியில் சாதாரணக் கண்ணாடி ஓரத்தில் தெறிக்கும். இரட்டைக் கண்ணாடி, கம்பி வலை பதித்த கண்ணாடி ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். டஃபன்ட் கண்ணாடி இதைத் தாங்கும். ஆகவே உங்கள் ஜன்னலில் இருப்பது எந்தக் கண்ணாடி என்று பார்க்காமலே விலை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கறுப்பு என்றால் குளிர்ச்சி என்பதும் தவறான கணக்கு. நிறம் குறைக்கிறது வெளிச்சத்தைத்தான். வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. கடையில் ஒரு விளக்கை எரியவிட்டு, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சுடாது. ஆனால் அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்பு, வெயில் அப்படியல்ல. “95 சதவீதம் வெப்பத் தடுப்பு” என்ற எண் பல சமயம் அந்த அகச்சிவப்பில் ஒரு பகுதிக்கு மட்டுமே உரியது. நீங்கள் கேட்க வேண்டியது, மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்ற எண்ணை. தயாரிப்பாளரின் விவரத்தாளில் அது தனியாக இருக்கும். தாளைக் காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

பாதுகாப்புக்காக ஒட்டுவதானால் அதற்கென உள்ள தடித்த ஃபிலிம் வேண்டும், ஏறத்தாழ 100 மைக்ரானாவது. அது கண்ணாடி உடைவதைத் தடுக்காது. உடைந்த சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். 2016 வர்தா புயல் போன்ற காற்றில் அதுவே பெரிய உதவி. ஆனால் ஃபிலிமைச் சட்டத்தோடு பிணைக்காவிட்டால் கண்ணாடி முழுதாகப் பெயர்ந்து விழக்கூடும். முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னும் ஃபிலிமை அந்தரங்கத்துக்காக வாங்குபவர்களும் ஒன்றைக் கவனியுங்கள்: இரவில் விளக்கு போட்டால் வெளியிலிருந்து உள்ளே எல்லாம் தெரியும்.

கார் ஃபிலிம் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு வாகனங்களுக்கு மட்டும்தான். வீட்டு ஜன்னலுக்கு அல்ல. வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும், அடுக்குமாடியென்றால் சங்கத்திடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

பில் என்று அக்காவிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். ஜி.எஸ்.டி. பில்லில் ஃபிலிமின் பெயர், மாடல், வாரன்டி ஆண்டுகள் ஆகியவற்றோடு, கண்ணாடி விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விரிசலின் படம் எல்லாம் சான்றாகும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீரவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன், அது தொடங்கிய ஓரம் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.