மூட்டுவலிக்கு ஸ்டெம் செல் ஊசியா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்!

தாயில்பட்டி பக்கம் பட்டாசு வேலை என்றாலே, பெரும்பாலும் தரையில் உட்கார்ந்து செய்வதுதான். வருடக்கணக்கில் மடக்கிய முழங்கால், ஐம்பது வயதைத் தொட்டதும் எழுந்திருக்கவே யோசிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து, 'ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசி போதும்' என்று செல்போனில் விளம்பரம் வரும். நகையை அடகு வைத்தாவது போட்டுக்கொள்ளலாமா?

விதி என்ன சொல்கிறது?

வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்தான் ஸ்டெம் செல். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இதை வைத்துத்தான் நடக்கிறது. வேலூர் சி.எம்.சி-யில் 1986 முதலே செய்கிறார்கள். அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை.

மற்ற நோய்களுக்கு, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது நெறியற்றது என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல். ஸ்டெம் செல்லில் இருந்து தயாராகும் மருந்துகளை 'புதிய மருந்து' என்றே வகைப்படுத்துகின்றன 2019-ம் ஆண்டு விதிகள். எனவே, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கட்டாயம். முழங்கால் தேய்மானத்துக்கு 'ஸ்டெம்பூசெல்' என்ற தயாரிப்புக்கு 2022-ல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால், அது அந்த ஒரு தயாரிப்புக்கான ஒப்புதல். 'ஸ்டெம் செல்' என்று சொல்லிப் போடும் எல்லா ஊசிக்கும் அல்ல.

பார்வை போன மூவர்

2015-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மூன்று பெண்கள், தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த சிகிச்சை, ஆய்வுப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருந்தது. ஆனாலும் தலா 5,000 டாலர் வாங்கியிருந்தார்கள். அதுவே அபாய மணி. ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது.

கேளுங்கள்!

1. இது ஒப்புதல் பெற்ற மருந்தா, ஆய்வா? மருந்து என்றால், அதன் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. ஆய்வு என்றால், சி.டி.ஆர்.ஐ பதிவு எண் என்ன? இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு இருந்தும் பணம் கேட்டால், யோசிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

3. ஸ்டெம் செல்லா, பி.ஆர்.பி-யா? பி.ஆர்.பி என்பது உங்கள் ரத்தத் தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடும் ஊசி. இரண்டும் ஒன்றல்ல.

முதலில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழங்காலைக் காட்டுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையே தேவைப்பட்டாலும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நகை பீரோவிலேயே இருக்கட்டும்!