எழுத்தாளர் வந்து போன பிறகு

பள்ளிகளுக்கு எழுத்தாளர்களை அழைப்பது நகரங்களில் ஃபேஷனாகிவிட்டது. ஆனால் பலன் கிடைப்பதென்னவோ புத்தக அலமாரியின் பூட்டைத் திறந்து வைத்திருக்கும் வகுப்புகளில்தான்.

ராஜ்யசபையின் நியமன உறுப்பினராக இருந்த ஆர்.கே. நாராயண் 1989ல் தன் கன்னிப் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் பட்ஜெட் அல்ல, பாதுகாப்பும் அல்ல. குழந்தைகளின் புத்தகப் பை. பை சுமந்தே பிள்ளைகளுக்குக் கூன் விழுகிறது என்று அவர் சொன்னது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1992ல் விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. மறு வருடம் வந்த அறிக்கை ஒரு படி மேலே போனது: பையின் எடையைவிடப் பெரிய சுமை, படிப்பது புரியாமல் இருப்பதுதான்.

அந்தச் சுமையை இறக்க ஆரம்பப் பள்ளிகள் எத்தனையோ வழிகளை முயன்று பார்த்துவிட்டன. சந்தைக்கு அழைத்துப் போய் விலை விசாரிக்கச் சொல்வது, ஊறவைத்த பயறு முளைவிடுவதைத் தினமும் அளந்து குறிப்பது, பாடத்தை நாடகமாக்குவது, கையெழுத்துப் பத்திரிகையைச் சுவரில் ஒட்டுவது. இந்த வரிசையில் பெரிய நகரங்களில் சமீப காலத்தில் சேர்ந்திருப்பது எழுத்தாளர் வருகை.

இதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல், 2008ல் டெல்லியில் தொடங்கிய 'புக்கரூ' குழந்தைகள் இலக்கிய விழா. அனுமதி இலவசம். விழாவுக்கு வர வசதியில்லாத பிள்ளைகளைத் தேடி எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பள்ளிகளுக்கே அனுப்புவதும் அதன் வேலைகளில் ஒன்று. இதனால் என்ன லாபம்? பல குழந்தைகளுக்குப் புத்தகம் என்பது மின்சாரம் மாதிரி, எங்கிருந்தோ அரசாங்கம் அனுப்பி வைக்கும் பொருள். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, மீண்டும் எழுதி உருவாக்கியிருக்கிறார் என்று தெரிவதே பெரிய கண்டுபிடிப்பு. தன் நோட்டில் இருக்கும் அடித்தல் திருத்தல்கள் குற்றமல்ல என்று ஒரு பிள்ளைக்கு அன்று புரிந்தால் அதுவே போதும்.

ஆனால் வருகை என்பது ஒரு மணி நேரம். பல தனியார் பள்ளிகளில் அது வரவேற்பு, பூங்கொத்து, குரூப் போட்டோ, வாசலில் புத்தக விற்பனை என்று முடிந்துவிடுகிறது. விருந்தாளியின் ஒரு கதையைக்கூடப் படித்திராத பிள்ளைகள் ஆட்டோகிராப் வாங்குகிறார்கள். வித்தியாசம் எங்கே என்றால், முந்தைய சில வாரங்களில் அந்தப் புத்தகங்கள் வகுப்பில் கை மாறிக்கொண்டிருந்தனவா, விருந்தாளி போன பிறகு பிள்ளைகள் தாங்களே ஒரு கதை எழுதினார்களா என்பதில்தான்.

இது இறக்குமதிச் சரக்கு அல்ல. குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேகா, 1920ல் அங்கே ஒரு பால மந்திரை நிறுவினார். 1930களில் வெளிவந்த அவரது 'திவாஸ்வப்னா' தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. அதன் நாயகன், நான்காம் வகுப்பு ஒன்றைப் பரிசோதனைக்காகக் கேட்டு வாங்கும் ஆசிரியர். அவர் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் கதை. பாடப்புத்தகத்துக்கான காசைத் திரட்டி வகுப்புக்கு ஒரு நூலகமே அமைத்துவிடுகிறார்.

எழுதுபவரே வகுப்பில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரவிந்த் குப்தா நல்ல உதாரணம். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, டெல்கோவில் என்ஜினியராக இருந்த அவர், 1978ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கல்வித் திட்டத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த கருவிகள் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். நான்கு குச்சிகளில் செய்த சதுரம் அழுத்தினால் சாய்கிறது; மூன்று குச்சிகளில் செய்த முக்கோணம் அசைவதில்லை. பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணம் ஏன் என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. அதையே புத்தகமாக எழுதி, ஏராளமான பள்ளிகளுக்கு நேரில் போய்ச் செய்து காட்டிய அவருக்கு 2018ல் பத்மஸ்ரீ வந்தது. அதே ஹோஷங்காபாத் திட்டத்திலிருந்து கிளைத்த 'ஏகலவ்யா' அமைப்பு 1985ல் தொடங்கிய 'சக்மக்' ஹிந்தி மாத இதழ், குழந்தைகள் எழுதுவதற்கும் வரைவதற்கும் பக்கம் ஒதுக்கியது. அங்கே பிள்ளைகள் எழுத்தாளரைப் பார்ப்பதோடு நிற்கவில்லை, தாங்களே எழுத்தாளர்களானார்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா? சட்டம் சாதகமாகத்தான் இருக்கிறது. 2009ன் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும். அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும். 'சமக்ர சிக்ஷா' திட்டம் ஆரம்பப் பள்ளி நூலகத்துக்கு வருடம் 5,000 ரூபாய் வரை தர வழி செய்தது. சிக்கல் வேறு இடத்தில். புத்தகம் கிழிந்தாலோ காணாமல் போனாலோ ஸ்டாக் ரிஜிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். ஆகவே புத்தகங்கள் பீரோவில் பத்திரமாகப் பூட்டப்படுகின்றன. கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்க்கும் 'அசர்' ஆய்வின் கணக்கில், பார்வையிட்ட நாளில் பிள்ளைகள் நூலகப் புத்தகங்களைப் பயன்படுத்திக் கொண்டிருந்த பள்ளிகள் 2018ல் 36.9 சதவீதம். 2024ல் 51.3 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் அன்று ஒரு கதைப் புத்தகம்கூடப் பிள்ளையின் கையில் இல்லை.

இழப்பு சின்னதல்ல. அதே ஆய்வின்படி, கிராமப்புற அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2022ல் 16.3 சதவீதம், 2024ல் 23.4 சதவீதம். நான்கில் மூன்று பிள்ளைகள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். இவர்கள் முன்னால் புகழ்பெற்ற எழுத்தாளரை நிறுத்தினாலும், அவர் போன மறுநாள் படிக்கப் பிள்ளையின் கையில் புத்தகம் வேண்டும்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஆரம்ப வாசகர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. 'பர்க்கா' என்ற 40 சிறு கதைப் புத்தகங்களை வெளியிட்டது. 2004ல் ஆரம்பித்த பிரதம் புக்ஸ், 2015ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் ஏராளமான மொழிகளில் கதைகளை இலவசமாகவே தருகிறது. விருந்தாளிக்கும் பஞ்சமில்லை. டெல்லியிலிருந்துதான் வர வேண்டுமா? ஊர்க் குயவரும், கதை சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளையின் பாட்டியும் கால் காசு செலவில்லாமல் வருவார்கள். அவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் எழுதி, படம் வரைந்து, தைத்துவிட்டால் வகுப்புக்கு ஒரு புத்தகம் சொந்தமாகிறது.

செலவு பெரிதில்லை. தேவைப்படுவது ஓர் உத்தரவு: கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. வருட முடிவில் ஒரு பக்கம்கூடக் கசங்காமல் புத்தம் புதிதாக இருக்கும் புத்தகங்களுக்குத்தான் கேட்க வேண்டும்.