காரின் முன்பக்கம் ‘டொக்’ சத்தம்: கோளாறு எங்கே?

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’குனு சத்தம் வருதா? உடனே ஷாக் அப்சார்பரை மாற்றிவிட வேண்டாம். அதில் ஆயில் கசிகிறதா, பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி துள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், சத்தம் எப்போது வருகிறது எனக் கவனியுங்கள்.

சமீபத்தில் டயரைக் கழற்றி மாட்டியிருந்தால்: முதலில் வீல் நட் டைட்டா இருக்கான்னு செக் பண்ணுங்க.

மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளங்களில் ‘கடகட’: பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கும். செலவு குறைவு.

பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டொக்’: லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் கிழிந்திருக்கலாம்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சத்தம்: ஸ்ட்ரட் மவுன்ட் அல்லது அதன் பேரிங்.

முழுசா ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’: ஆக்சில் ஜாயின்ட்.

அலட்சியமே கூடாதது, பால் ஜாயின்ட். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கி, வண்டி கட்டுப்பாட்டை இழந்துவிடும். ஜாக்கி போட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. சரிசெய்யாமல் ஹைவே பக்கம் போகவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், எப்போது வருது என்பதையும் சொல்லுங்கள். தேவையில்லாத பாகத்துக்குக் காசு கொடுப்பது மிச்சம்.