வீட்டிலேயே மாற்றும் வாட்டர் பம்ப்: ஆபத்தும் உரிமையும்

ஸ்போர்ட்ஸ் காரின் வாட்டர் பம்பையும் தெர்மோஸ்டாட்டையும் உரிமையாளரே வீட்டில் மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களோடு பொருந்தாதபடி வண்டியை மாற்றியமைப்பதைத்தான். பழுதான பாகத்தை எடுத்துவிட்டு அதே வகைப் பாகத்தைப் பொருத்துவது அதில் சேராது.

இன்ஜினுக்குள் கூலன்ட்டைச் சுற்றவைப்பது பம்ப். இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருந்து, பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்துவிடுவது தெர்மோஸ்டாட். அது மூடியபடியே சிக்கிக்கொண்டால், தி.நகர் உஸ்மான் சாலை நெரிசலில் சில நிமிடங்களிலேயே வெப்பமுள் ஏறிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ‘சென்னை வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு’ என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது தவறான வேலை. பைபாஸ் வழி உள்ள சில இன்ஜின்களில், தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். வெயிலுக்காகச் செய்த காரியமே சூட்டைக் கூட்டிவிடும்.

பம்ப் கெடுவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே படிவு கட்டும், அலுமினியம் அரிக்கும், பம்பின் சீல் தேயும். தயாரிப்பாளர் சொன்ன வகைக் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுவதே முறை.

வேலையில் முதல் ஆபத்து ரேடியேட்டர் மூடி. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து, கொதித்து முகத்தில் பீறிடும். இன்ஜின் முழுதாக ஆறும் வரை கை வைக்கக் கூடாது. அடுத்தது ஜாக்கி. போர்ஷே பாக்ஸ்டர் போல இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் உள்ள கார்களில் பம்பை எட்ட வண்டிக்கு அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது உயிரோடு விளையாடுவது. உறுதியான தரையில் ஸ்டாண்டுகள் கட்டாயம் வேண்டும். இத்தகைய கார்களில் ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் பின்னாலும் இருப்பதால் நீண்ட குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ளும். அதை முழுதாக வெளியேற்றாவிட்டால் புதுப் பம்பும் பயன்படாது. டைமிங் பெல்ட்டால் சுழலும் பம்ப் என்றால், பெல்ட் ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலே இன்ஜின் தாறுமாறாக ஓடும். இன்னும் தள்ளிப்போனால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பாழாகலாம். அனுபவம் இல்லாதவர் அந்த வகையை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது.

வடித்த கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது இனிப்பான நஞ்சு. அடுக்குமாடி பார்க்கிங்கில் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நாய், பூனை நக்கும், குழந்தை தொடும். மழைநீர் வடிகாலில் கொட்டினால் அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேரும். மூடிய கேனில் அடைத்து, பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்க வேண்டும்.

உதிரிபாகத்துக்குச் சென்னையில் பலரும் போவது ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் புதுப்பேட்டைக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பின் சீல் எவ்வளவு தேய்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. அதை வாங்காமல் இருப்பது மேல். புதுப் பாகத்தின் பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். பில் இல்லாமல் விலை குறைத்துக் கேட்பவர், பின்னால் வரக்கூடிய வழக்குக்கான முக்கிய ஆதாரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி போய்விடுமோ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. உதிரிபாகங்களை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. வெளியில் நடந்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. எனவே வாரண்டி மீதமுள்ள காரை வைத்து இந்த உரிமையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது என்பதும் நினைவிருக்கட்டும்.

போலிப் பாகமோ பட்டறையின் குறையுள்ள சேவையோ நட்டம் ஏற்படுத்தினால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். கடை எங்கே இருந்தாலும், தான் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டு.

வீட்டில் பொருத்தியவரிடம் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘நீங்கள் தப்பாகப் பொருத்திவிட்டீர்கள்.’ அதை முறியடிக்க பில், பெட்டி, பாக எண், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படம், அன்றைய கிலோமீட்டர் குறிப்பு எல்லாம் வேண்டும். குறையுள்ள பாகத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் இருப்பதால், பழுதான பம்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். வழக்கு முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.