எலுமிச்சைச் சாறு சமைக்குமா?

இத்தாலியின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகரை அடுத்த கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு செய்யும் எளிய பண்டம் ஒன்று உண்டு. புதிதாகப் பிடித்த நெத்திலி மீனைத் தலையும் முள்ளும் நீக்கி, இரண்டாகப் பிளந்து, தட்டில் பரப்புவார்கள். அது மூழ்கும்வரை எலுமிச்சைச் சாற்றை ஊற்றி மூடிவைப்பார்கள். சில மணி நேரம் கழித்துத் திறந்தால், கண்ணாடி போல் இருந்த சதை வெள்ளை வெளேரென்று, வெந்த மீனைப் போல் மாறியிருக்கும். சாற்றை வடித்துவிட்டு ஒலிவ எண்ணெய், பூண்டு, உப்பு சேர்த்து உண்பார்கள். அடுப்பையே பற்றவைக்கவில்லை! அப்படியானால் மீனை வேகவைத்தது யார்?

இது வெறும் சமையலறைக் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கான விடையைத் தவறாகப் புரிந்துகொண்டால் உடல் நலமே கெடக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

நூல்கண்டு அவிழ்கிறது

எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம். அதை எலுமிச்சைச் சாற்றிலிருந்து முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே, ஆண்டு 1784. ஓர் அமிலத்தின் வலிமையை அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளைக் கொண்டு அளக்கிறோம். தூய நீரின் பி.எச். மதிப்பு 7. எலுமிச்சைச் சாற்றுக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். இந்த எண் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். ஆகவே, பி.எச். 2 உள்ள சாற்றில் தூய நீரில் இருப்பதைப் போல் ஓர் இலட்சம் மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் உள்ளன!

மீனின் சதை பெரும்பாலும் நீரும் புரதமும்தான். புரத மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அது நூல்கண்டு போல் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்து கிடக்கிறது. அந்த மடிப்புகளைப் பிடித்து வைத்திருப்பவற்றுள் மின்னூட்டங்களுக்கு இடையிலான கவர்ச்சியும் ஒன்று. அமிலத்தில் நனைந்ததும் ஹைட்ரஜன் அயனிகள் புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. சங்கிலியெங்கும் நேர்மின்னூட்டம் மிகுகிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? கண்டு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் அக்கம்பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொண்டு வலைபோல் ஆகின்றன. அந்த வலை ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் சதை வெண்மையாகத் தெரிகிறது.

தீயும் இதையேதான் செய்கிறது. வெப்பத்தால் மூலக்கூறுகள் வேகமாக அதிர்ந்து, அந்த அதிர்வில் மடிப்புகள் அவிழ்கின்றன. வழி வேறு, விளைவு ஒன்று போல் தோன்றுகிறது.

பாலேடும் சாறும்

அமிலமும் வெப்பமும் சேர்ந்து வேலை செய்வதைக் காண வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதிக்குச் செல்வோம். மஸ்கார்போனே என்னும் மென்மையான பாலாடைக்கட்டி அங்கே தோன்றியது. வீட்டில் செய்யும் முறை இது: பாலேட்டை 85 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சிறிது எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளறி, துணியில் கட்டி வடியவிட வேண்டும். எலுமிச்சை பிழிந்து பனீர் செய்பவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் இங்கே நடப்பது மீனில் நடந்ததற்கு நேர்மாறு. பாலிலுள்ள கேசீன் புரதத் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால்தான் அவை ஒன்றையொன்று விலக்கியபடி பாலில் மிதக்கின்றன. அமிலத்தின் நேர்மின் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடுகின்றன. பி.எச். ஏறக்குறைய 4.6-ஐ அடையும்போது விலக்கு விசை இல்லாமற்போய்த் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. பாலில் இது திரிதல். கொழுப்பு மிகுந்த பாலேட்டிலோ அது திரியாகப் பிரியாமல் கெட்டித் தயிர் போல் இறுகுகிறது.

எண்ணெய் கெட்டியாகும் விந்தை

பிரெஞ்சு வீடுகளில் செய்யும் மயோனைஸ் என்னும் குழைவிலும் எலுமிச்சைச் சாறு சேர்ப்பதுண்டு. ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு கரண்டி சாறு, சிறிது கடுகு விழுது; இவற்றை அடித்துக்கொண்டே எண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டும். எல்லாம் நீர்மங்களே. ஆயினும் முடிவில் கரண்டியில் நிமிர்ந்து நிற்கும் கெட்டிப் பொருள் கிடைக்கிறது!

காரணம் எளிது. எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து, சாற்றிலும் கருவிலும் உள்ள நீருக்குள் சிதறுகிறது. கருவிலுள்ள லெசித்தினும் புரதங்களும் ஒவ்வொரு துளியையும் போர்த்தி, மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கின்றன. ஒரே அளவுள்ள கோலிக்குண்டுகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் அவை இடத்தில் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது. மயோனைஸில் எண்ணெயின் பங்கோ முக்காலுக்கும் மேல். துளிகள் ஒன்றையொன்று நெருக்கி, நசுங்கி, நகர இடமின்றி நிற்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய மனிதரைப் போல!

எண்ணெய் மிகுந்து நீர் போதாமற்போனால் துளிகளுக்கு இடையிலுள்ள நீர்ப்படலம் அறுந்து எண்ணெய் பிரியும். பிரியத் தொடங்கும் வேளையில் இன்னும் ஒரு கரண்டி சாறு விடச் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். அங்கே தேவைப்படுவது சாற்றின் புளிப்பு அன்று, அதிலுள்ள நீர்.

வெந்ததா, வெந்தது போன்றதா?

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எலுமிச்சைச் சாறு புரதத்தை மாற்றுகிறது. ஆனால் தீயைப் போல் நுண்ணுயிர்களையும் புழுக்களையும் கொல்வதில்லை.

நெத்திலி போன்ற கடல்மீன்களில் அனிசாகிஸ் என்னும் உருளைப்புழுவின் இளம்புழு இருக்கக்கூடும். உயிரோடு வயிற்றுக்குள் போனால் கடும் வயிற்றுவலியையும் வாந்தியையும் உண்டாக்கும். இப்புழு முழு வளர்ச்சி பெற்று வாழும் இடம் எது தெரியுமா? திமிங்கிலம், டால்பின் ஆகியவற்றின் இரைப்பை. அமிலம் சுரக்கும் இரைப்பையையே வீடாகக் கொண்ட புழு எலுமிச்சைச் சாற்றுக்கா அஞ்சும்? மீன் வெளுத்துவிட்டது, புழு சாகவில்லை.

அதனால்தான் இத்தாலிய அரசு 2013-இல் மீன் கடைகளில் ஓர் அறிவிப்பை வைக்கச் செய்தது. மீனைப் பச்சையாகவோ ஊறவைத்தோ உண்பதானால், வீட்டு உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 96 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அல்லது மீனின் உட்பகுதி 60 டிகிரியை எட்டி, ஒரு நிமிடமாவது அந்நிலையில் இருக்குமாறு சமைக்க வேண்டும்.

பச்சை முட்டையின் கதையும் இதுவே. முட்டையில் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்குமானால் ஒரு கரண்டிச் சாறு அதை உடனே அழித்துவிடாது. தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததை நினைவுகூருங்கள். 'எலுமிச்சை பிழிந்திருக்கிறதே' என்பது பாதுகாப்புக்கு உறுதி ஆகாது.

செய்து பாருங்கள்

இரண்டு தம்ளர்களில் சம அளவு பால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குளிர்ந்த பால், மற்றது சூடான பால். இரண்டிலும் ஒரே அளவு எலுமிச்சைச் சாறு விடுங்கள். எது விரைவாகத் திரிகிறது? திரி எதில் பெரிதாக இருக்கிறது? குறித்துக்கொள்ளுங்கள். அமிலத்துக்கு வெப்பம் எவ்வாறு துணை செய்கிறது என்பது கண்ணெதிரே விளங்கும்.

அடுத்த முறை வெளுத்த சதையைப் பார்க்கும்போது ஒன்றை மறவாதீர்கள். நிறம் காட்டுவது புரதம் மாறியதை மட்டுமே. உள்ளே எத்தனை டிகிரி ஏறியது என்பதை நிறம் சொல்லாது.